பறவையறிஞர் சலீம் அலியும் கால்வளையமும்

ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் நம் சங்கத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. வடமாலபேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் மொத்தம் எத்தனை? விருந்துக்கு எத்தனை இலை வாங்குவது, மலரை எத்தனை படி அச்சிடுவது, நாற்காலி எத்தனை கேட்பது என்பன எல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன. ஒருவர் நூறு என்பார். மற்றொருவர் இருநூறுக்குக் குறையாது என்பார். ஆதாரம் கேட்டால் இருவரிடமும் இராது. மாற்றலாகி வருவோரும் மாற்றலாகிப் போவோருமாக உள்ள நம் காலனி வாழ்க்கையில், நின்ற இடத்தில் நிற்கும் மரங்களை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணிவிட முடிவதில்லை.

வந்து போகின்றவரை எண்ணுவதே இத்துணை அரிதாயின், வானத்தில் வந்து போகின்ற பறவைகளை எண்ணுவது எவ்வளவு அரிது! கார்த்திகை பிறந்ததும் நம் பக்கத்து ஏரிகளில் கிளுவையும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்குகின்றன. பங்குனி வெயில் ஏறுவதற்குள் அவை மறைந்துவிடுகின்றன. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலபட்டும், பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும் பழவேற்காட்டு ஏரியின் வடபாகமும் அதன் எல்லைக்குள் வந்தன. அங்கே சென்று கரையில் நின்று பார்த்த எவரும் முதலில் கேட்பது, இவை எத்தனை இருக்கும் என்பதையே.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியை நம் நாட்டில் வகுத்து வைத்தவர்களுள் முதன்மையானவர் சலீம் அலி அவர்கள். அவருடைய பெயரை அறியாதார் இலர். ஆனால் அவர் வாழ்க்கை துப்பாக்கியில் தொடங்கிக் கால்வளையத்தில் வந்து நின்ற கதையை நம் இளைஞர்கள் முழுதும் அறிந்திரார் எனக் கருதி, யாம் படித்தும் கேட்டும் அறிந்த அளவில் இங்கே எழுதத் துணிந்தோம். எமது படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. குறை காணின் பொறுத்தருள்க.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார்.  ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறு இல்லாத தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜியும் அவர் துணைவியார் ஹமீதா பேகமும் அந்த அநாதைக் குழந்தைகளைத் தம் மக்களாகவே வளர்த்தனர். மாமன் வேட்டையில் விருப்பமுடையவர். அக்காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பையன்களுக்கு விளையாட்டுத் துப்பாக்கி கிடைப்பது இயல்பு. சலீமுக்கும் ஒன்று கிடைத்தது.

ஏறத்தாழப் பத்து வயதில் அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் புள்ளி இருந்தது. வழக்கமான வீட்டுக் குருவிக்கு அப்படி இராது. அதைத் தின்னலாமா கூடாதா என்னும் ஐயத்தோடு சிறுவன் அதனை மாமனிடம் கொண்டு சென்றான். மாமனுக்கும் தெரியவில்லை. அவர் தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சிறுவனை அனுப்பி வைத்தார். 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் செயலாளராக அப்போது மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் இருந்தார். அவர் சிறுவனைத் துரத்தவில்லை. அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று பெயர் கூறியதோடு, இழுப்பறைகளைத் திறந்து, பதம் செய்து அடுக்கி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் காட்டினார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்காகச் செலவிட்ட அந்தச் சிறிது நேரமே இந்தியாவின் பறவை நூலுக்கு வித்தாயிற்று.

ஆயினும் அவர் கல்வி நேராகச் செல்லவில்லை. 1913-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் அரும்பாடுபட்டே தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் கணக்குப் பாடம் அவருக்குப் பிடிபடவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவிலுள்ள தவாய்க்குச் சென்று, தமையனாருடன் உல்ஃப்ரம் என்னும் கனிமச் சுரங்கத் தொழிலிலும் மரத் தொழிலிலும் ஈடுபட்டார். தொழிலில் வந்த இலாபத்தைவிடக் காட்டில் கண்ட பறவைகளே மிகுதி. 1917-இல் திரும்பி வந்து வணிகச் சட்டமும் கணக்குப் பதிவும் பயின்றார். தூய சவேரியார் கல்லூரியில் பிளாட்டர் அடிகளாரின் ஊக்கத்தால் விலங்கியலும் கற்றார். 1918 டிசம்பரில் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

பறவையியலையே தொழிலாகக் கொள்ள அவர் விரும்பினார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் ஒரு பதவி காலியாயிற்று. பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாத குறையை வாழ்நாளெல்லாம் சுமந்து, கீழ்மட்டப் பதவியிலேயே தலை நரைக்கும் எம் போன்றார்க்கு இவ்விடம் படிக்கும்போது மனம் கனக்கின்றது. ஆனால் அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், வருவோர்க்கு விளக்கம் கூறும் வழிகாட்டி வேலை கிடைத்தது. அதனை ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில், இன்னும் கற்க வேண்டும் என்னும் வேட்கையால் விடுப்புப் பெற்றுக் கொண்டு ஜெர்மனிக்குக் கப்பலேறினார்.

பெர்லினில் பேராசிரியர் ஸ்டிரெஸ்மன் அவருக்குக் குருவாக வாய்த்தார். இங்கிலாந்தில் பல கதவுகள் திறவாதிருந்த காலத்தில், ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர் இந்திய இளைஞரைத் தம் மாணவராக ஏற்று மதிப்போடு நடத்தியதை அவர் இறுதிவரை மறக்கவில்லை. நம் செண்பகராமன் பிள்ளையையும் அவர் பெர்லினிலேதான் சந்தித்தார் என்பது தமிழராகிய நமக்கு இனிப்பான செய்தி.

அங்கிருந்த நாளில் வட கடலிலுள்ள ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவுக்கும் சென்றார். வலசை போகும் பறவைகள் இலட்சக்கணக்கில் அத்தீவில் இறங்கி இளைப்பாறும். அங்குள்ள நிலையத்தார் அவற்றைக் கூண்டு வழியில் ஓட்டிப் பிடித்து, காலில் மெல்லிய உலோக வளையம் ஒன்றை மாட்டி, அதிலுள்ள எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, மறுகணமே பறக்க விட்டுவிடுவர். வளையத்தில் எண்ணும் நிலையத்தின் பெயரும் இருக்கும். எங்கோ ஒரு நாட்டில் எவரேனும் அப்பறவையைக் கண்டெடுத்துக் கடிதம் எழுதினால், அது எங்கிருந்து எங்கே சென்றது என்பது தெரிந்துவிடும். டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்னும் ஆசிரியர் 1899-இல் மைனா இனத்துப் பறவைகளின் காலில் அலுமினிய வளையம் பூட்டித் தொடங்கிய முறை இது. இரயில்வேயில் பணிபுரியும் எமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. பார்சலின் மேல் எண்ணும் புறப்படும் ஊரும் எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவதும் இதுவே. பார்சல் தானாகப் பறந்து போவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு!

1930-இல் ஊர் திரும்பியபோது பேரிடி காத்திருந்தது. நிதி இல்லை என்று அருங்காட்சியகத்தார் அவருடைய வேலையையே நீக்கியிருந்தனர். உயர் கல்வி பெற்று வந்தவருக்கு உத்தியோகம் இல்லை. குடும்பச் செலவைச் சுருக்கிக்கொண்டு, பம்பாய்க்கு அப்பால் கடற்கரையிலுள்ள கிகீம் என்னும் சிற்றூரில் துணைவியாருடன் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையில்லாத அந்த மழைக்காலத்தில் அவர் மணிக்கணக்காக அவற்றையே நோக்கிக் கொண்டிருந்தார்.

ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும்; பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும்; பிறகு ஆண் அதனை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையைத் தேடும். இதனை முதன்முதலாகத் தெளிவுற எழுதி வெளியிட்டார். கிணற்றடிப் பனையோலையில் தூக்கணாங்கூடு ஆடுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த நாம் எவரும் காணாததை, பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒருவர் கண்டார். ஒரு பறவையையும் சுடாமலே கண்டார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் சமஸ்தானங்களின் பறவை ஆய்வுப் பணி வந்தது. 1931-32-இல் ஐதராபாத், 1933-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் என அவர் சுற்றினார். ஊதியம் வேண்டாம், செலவை மட்டும் கொடுத்தாற்போதும் என்று அவரே முன்வந்தார். தெஹ்மினா அம்மையார் கூடாரத்திலும் காட்டு பங்களாவிலும் உடனிருந்து குடும்பம் நடத்தினார். 1939-இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவ்வம்மையார் காலமானார். மக்கட்பேறு இல்லாத சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளாமல் சகோதரி வீட்டில் தங்கி, எஞ்சிய வாழ்நாளைப் பறவைகளுக்கே கொடுத்தார். 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், பள்ளிப் பிள்ளையும் பறவையின் பெயரை அறிய வழி செய்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அக்கால ஆய்வு என்பது பெரும்பாலும் சுட்டுச் சேகரிப்பதே. சலீம் அலியும் ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டவர்தாம். இன்னது இன்ன இனம் என்று உறுதியாகக் கூற வேறு வழி அன்று இல்லை என்று அவர் கருதினார். ஆனால் ஆய்வுக்காகச் சில பறவைகளை எடுப்பது வேறு. பொழுதுபோக்குக்காகக் கொன்று குவிப்பது வேறு. இதற்குச் சான்று இராஜஸ்தானத்துப் பரத்பூரில் கல்லில் பொறித்து வைக்கப்பட்டுள்ளது.

பரத்பூர் மன்னர்கள் தாழ்வான நிலத்தில் நீரைத் தேக்கி வாத்து வேட்டைக்கென்றே ஒரு சதுப்பு நிலம் அமைத்திருந்தனர். வைசிராய்களும் விருந்தினரும் வந்து சுட்ட நாளும், சுட்ட தொகையும் அங்கே கற்பலகையில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரிய தொகை 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் லின்லித்கோ பிரபு வந்தபோது நிகழ்ந்தது: ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்த நாள் சலீம் அலியின் 42-ஆவது பிறந்த நாள் என்பதை எண்ணும்போது உள்ளம் நடுங்குகின்றது. வந்த பறவைகள் எத்தனை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. செத்த பறவைகளின் கணக்கு மட்டும் ஒன்றுவிடாமல் எழுதி வைக்கப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின், அந்தச் சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதனைக் காத்தவர்களுள் சலீம் அலி முன்னின்றார். அதே நீர்ப்பரப்பில், அதே வாத்துகளின் காலில் வளையம் பூட்டும் பணி பின்னர் அவர் தலைமையில் நடந்தது. மூன்று பத்தாண்டுகளுக்கு முன் ஹெலிகோலாந்தில் கற்ற வித்தை அப்போதுதான் பெரிய அளவில் பயன்பட்டது.

அது வந்த வழி வியப்புக்குரியது. 1957-இல் மைசூர் இராச்சியத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தன. மக்களையும் ஒரு காய்ச்சல் தாக்கியது. உண்ணிகளால் பரவும் அந்நோய் ரஷ்யாவில் காணப்பட்ட ஒரு நோயை ஒத்திருந்தது. வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் பிறந்தது. இதனை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவை வலசைத் திட்டத்தைத் தொடங்கிற்று. தலைமை ஏற்ற சலீம் அலிக்கு அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. பறவைகள் சைபீரியாவிலிருந்து நோயைக் கொண்டுவந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஐயத்தின் பேரால் நம் நாட்டுப் பறவைகளின் போக்குவரவு முதன்முதலாக விரிவாகப் பதிவாயிற்று.

பரம்பரையாகப் பறவை பிடித்துப் பிழைத்த பீகார் மாநிலத்து வலைஞர்கள் இத்திட்டத்தில் அமர்த்தப்பட்டனர். கொல்வதற்காகக் கற்ற கைத்திறன், காயமின்றிப் பிடித்து விடுவதற்குப் பயன்பட்டது. நம் தமிழ்நாட்டில் வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையும் இத்திட்டத்தின் முக்கிய இடங்களுள் ஒன்றாயிற்று. உள்ளான்களும் கொசு உள்ளான்களும் இருளில் வலையில் விழும். விடியுமுன் எடை பார்த்து, இறகை அளந்து, வளையம் மாட்டிப் பறக்க விடுவர். கண்டெடுப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வளையத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இங்கே வளையமிட்ட பறவைகளைப் பற்றிச் சைபீரியாவிலிருந்தும் கசாக்ஸ்தானத்திலிருந்தும் செய்திகள் வந்தன.

இனி, காலில் மாட்டிய வளையம் வழியை மட்டுமா காட்டும்? தொகையையும் காட்டும். அது எவ்வாறு என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்க. மொத்தம் எத்தனை என்று நமக்குத் தெரியாது. அதிலிருந்து 100 கொட்டைகளை எடுத்துச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, மீண்டும் பானையில் போட்டு நன்றாகக் கலக்குக. பிறகு கண்ணை மூடிக்கொண்டு 80 கொட்டைகளை அள்ளுக. அவற்றுள் பொட்டு வைத்தவை 4 எனக் கொள்வோம். 80-இல் 4 என்றால் இருபதில் ஒரு பங்கு. பானை முழுவதிலும் இருபதில் ஒரு பங்கே பொட்டு வைத்தவை என்று கொள்ளலாம். பொட்டு வைத்தவை 100 என்று நமக்குத் தெரியும். ஆகவே மொத்தம் ஏறத்தாழ 2,000. பானையைக் கவிழ்க்காமலே கணக்கு வந்துவிட்டது. நம் பள்ளியில் படித்த விகிதக் கணக்கேயன்றி இதில் வேறொன்றும் இல்லை.

டென்மார்க் நாட்டு மீனியல் அறிஞர் பீட்டர்சன் கடல் மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டு, மீண்டும் பிடிபட்டவற்றைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை 1896-இல் வெளியிட்டார். சலீம் அலி பிறந்த ஆண்டும் அதுவே. அமெரிக்காவில் லிங்கன் என்னும் அரசாங்கப் பறவையறிஞர் 1930-இல் இதனை வாத்துகளுக்குப் பொருத்தினார். வளையமிட்ட வாத்துகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு வேட்டைக்காரர் கையில் சிக்கின என்றால், எல்லா வாத்துகளிலும் நூற்றுக்குப் பன்னிரண்டே சிக்கியிருக்க வேண்டும். ஆகவே சுடப்பட்ட மொத்தத் தொகையிலிருந்து வானத்திலுள்ள மொத்தத்தை அறியலாம் என்பது அவர் வழி. இவ்விருவர் பெயராலேயே இம்முறை இன்றும் வழங்குகின்றது. அதே 1930-இல்தான் ஹெலிகோலாந்தில் கற்று வந்த சலீம் அலி வேலையிழந்து கிகீமில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் இக்கணக்குக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அடையாளம் அழியக் கூடாது. வளையம் கழன்று விழக் கூடாது. அடையாளம் பெற்றவை மற்றவற்றோடு நன்றாகக் கலந்துவிட வேண்டும். இரண்டு முறைக்கும் இடையில் புதியவை வந்து சேர்வதும் பழையவை போய்விடுவதும் மிகுதியாக இருத்தலாகாது. எல்லாவற்றிற்கும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை வலையில் விழுந்த பறவை அஞ்சி அவ்விடத்தை விட்டு விலகுமானால், கணக்கு உள்ளதைவிட மிகும். இரைக்கு ஆசைப்பட்டு மீண்டும் மீண்டும் வருமானால், கணக்கு உள்ளதைவிடக் குறையும். வலசைப் பறவைகளிடம் இந்நிபந்தனைகள் எளிதில் பொருந்துவதில்லை. ஆதலின் சலீம் அலியின் வளையங்கள் முதலில் வழியையும் வயதையும் காட்டவே பயன்பட்டன. பின் வந்தோர் தொகைக் கணக்குக்கும் வேண்டிய அடித்தளம் அதுவே.

இப்பணிக்கு இடையூறும் வந்தது. திட்டத்துக்குப் பின்னாளில் பண உதவி அமெரிக்க இராணுவத்தின் ஓர் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்தமையால், பறவைகள் வழியே நோய்க் கிருமிகளைப் பரப்பும் சூழ்ச்சிக்கு இக்கணக்குகள் பயன்படுமோ என்ற ஐயத்தை 1970-களில் பத்திரிகைகள் கிளப்பின. பாராளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் இதனை ஆராய்ந்தது. முதுமையில் இத்தகைய குற்றச்சாட்டைக் கேட்பது அவருக்கு எவ்வளவு வருத்தம் தந்திருக்கும்! ஆயினும் கேள்வி தவறானது என்று யாம் சொல்லமாட்டோம். கணக்கெடுப்பவர் நல்லவராயிருந்தால் மட்டும் போதாது. அந்தக் கணக்கு யார் கைக்குப் போகின்றது என்பதும் மக்கள் அறிய வேண்டிய ஒன்றே.

சலீம் அலிக்குப் பெருமைகள் பின்னாளில் தாமாகவே வந்து சேர்ந்தன. 1958-இல் பத்மபூஷணும் 1976-இல் பத்மவிபூஷணும் பெற்றார். தில்லான் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிப் பறவை நூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. கெட்டி விருதாகக் கிடைத்த பெருந்தொகையைத் தம் கழகத்தின் பணிக்கே கொடுத்தார். பட்டம் இல்லை என்று வேலை மறுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் வழங்கின. 1985-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். மோட்டார் சைக்கிளில் தணியாத ஆசை கொண்ட அவர், 1950-இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் வண்டியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார் என்பதைப் படித்து யாம் சிரித்து மகிழ்ந்ததுண்டு.

அவர் கண் மூடுமுன் நம் பக்கத்திலிருந்தே ஒரு நற்செய்தி எட்டிற்று. தெலுங்கில் கலிவிகோடி என வழங்கும் ஜெர்டன் கோர்சர் என்னும் இரவுப் பறவை 1900-ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று எண்ணியிருந்தனர். அவருடைய கழகத்தார் விடாது தேடி, 1986 ஜனவரியில் நம் மாவட்டத்துக்கு வடக்கே கடப்பை மாவட்டத்து முட்புதர்க் காட்டில் அதனைக் கண்டனர். அவ்வூர் மனிதர் ஒருவர் அடையாளம் கண்டு உதவினார். அப்போது சலீம் அலிக்கு வயது 89. அடுத்த ஆண்டு, 1987 ஜூன் 20-ஆம் நாள், பம்பாயில் அவர் காலமானார். 1990-இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் ஒரு பறவையியல் மையம் நிறுவப்பட்டது.

எண்ணிக்கை சரியாயிருப்பது அத்துணை முக்கியமா என்று சிலர் கேட்கக்கூடும். அதே இராஜஸ்தானத்துச் சரிஸ்கா காட்டின் கதையைச் சொல்லுவோம். அங்கே காலடித் தடத்தைக் கொண்டு கணக்கிட்டு, புலிகள் இருக்கின்றன என்று ஏட்டில் எழுதி வந்தனர். 2005-இல் தேடிப் பார்த்தபோது ஒரு புலியும் இல்லை. திருட்டு வேட்டையில் அனைத்தும் போயிருந்தன. ஏட்டில் இருந்த புலி காட்டில் இல்லை! அதன் பின்னரே நாடெங்கும் கணக்கெடுக்கும் முறை மாறியது. கர்நாடகத்து நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் 1990-களில் காட்டிய வழியில், காட்டுப் பாதையில் காமிராக்களை வைத்துப் புலியின் உடற்கோடுகளையே அடையாளமாகக் கொள்கின்றனர். ஒரு புலியின் கோடு மற்றொன்றுக்கு இல்லை. ஆகவே பிடித்து வளையமிடத் தேவையில்லை. முதன்முறை படத்தில் விழுந்தவை எத்தனை, மறுமுறை விழுந்தவற்றில் பழையவை எத்தனை என்று பார்க்கின்றனர். புளியங்கொட்டைக் கணக்கின் வளர்ந்த வடிவமே அது. இம்முறையால் 2006-இல் 1,411 என்றும் 2022-இல் 3,682 என்றும் புலித்தொகை மதிப்பிடப்பட்டது.

இம்முறை மனிதருக்கும் பயன்பட்டதுண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவேட்டில் எத்தனை விடுபட்டுள்ளன என்பதை, வீடு வீடாகச் சென்று எழுதிய மற்றொரு பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பிடும் வழியைச் சந்திரசேகரும் அமெரிக்க அறிஞர் டெமிங்கும் 1949-இல் வெளியிட்டனர். இரண்டு பட்டியல்களிலும் உள்ள பெயர்கள் எத்தனை என்று தெரிந்தால், இரண்டிலும் இல்லாதவர் எத்தனை பேர் என்பதையும் மதிப்பிடலாம். எழுதப்படாத பிறப்புக்கும் எழுதப்படாத இறப்புக்கும் கணக்கு கேட்ட முறை இது.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த நம் சங்கக் கேள்விக்கே திரும்புவோம். ஆண்டு விழாவில் 60 குடும்பங்கள் பெயர் பதிந்தன எனவும், பொங்கல் விழாவில் 50 குடும்பங்கள் வந்தன எனவும், அவற்றுள் 30 முன்பே பதிந்தவை எனவும் வைத்துக்கொள்வோம். ஐம்பதில் முப்பது என்றால் ஐந்தில் மூன்று பங்கு. அப்படியானால் மொத்தக் குடும்பங்கள் ஏறத்தாழ 100 ஆகும். ஆனால் இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா விழாவுக்கும் தவறாமல் வருகின்ற ஆர்வலர்களே இரண்டு முறையும் வந்திருந்தால், ஒருமுறையும் வாராதவர்கள் நம் கணக்கில் அகப்படவே மாட்டார்கள். அவர்கள் யார்? இரவுப் பணிக்குச் செல்வோர், புதிதாக மாற்றலாகி வந்து ஒருவரையும் அறியாதோர், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்போர், அழைப்பு எட்டாத ஒப்பந்தத் தொழிலாளர். சங்கம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களே கணக்கில் விடுபடுகின்றனர். ஆதலின் இவ்வாண்டு விழாவில் மட்டுமன்றி, வேறொரு நாளில் வீடு வீடாகச் சென்றும் ஒரு பட்டியல் எழுதுதல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம். பெயர்களைச் சங்கத்தின் பணிக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்பதையும் உடன் முடிவு செய்தல் வேண்டும்.

இன்னொரு விண்ணப்பம் நம் பிள்ளைகளுக்கு. ஏரிக்கரையிலோ வயலிலோ இறந்த பறவையொன்றின் காலில் வளையம் கண்டால் அதனை விளையாட்டுப் பொருளாக்கிக் கொள்ளாதீர்கள். எண்ணைக் குறித்து, கண்ட நாளையும் இடத்தையும் எழுதி, வளையத்தில் உள்ள முகவரிக்குத் தெரிவியுங்கள். ஆயிரமாயிரம் வளையங்களை மாட்டியும், கண்டவர் எழுதாவிட்டால் அவ்வளவும் வீணே. மில்லார்டு துரை ஒரு சிறுவனுக்கு இழுப்பறையைத் திறந்து காட்டினார். அச்சிறுவன் ஒரு நாட்டுக்கே பறவைகளைக் காட்டினான். உங்களுள் ஒருவர் எழுதும் ஓர் அஞ்சலட்டையும் வீணாகாது.

சைபீரியக் கொக்கு 2002-ஆம் ஆண்டுக்குப் பின் பரத்பூருக்கு வரவில்லை. எண்ணத் தொடங்கியதாலேயே அது குறைந்து வந்ததை நாம் அறிந்தோம். அறிந்தும் காக்க இயலாமற் போயிற்று. நம் ஏரிகளுக்கு இன்றும் வருகின்ற கிளுவைகளேனும் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வரட்டும். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாமும், நாடுவிட்டு நாடு வந்து போகும் அவையும் ஒருவர்க்கொருவர் அண்டை வீட்டாரே. அண்டை வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்திருப்பது நல்ல குடித்தனத்துக்கு அழகு.

வாழ்க சங்கம்! வளர்க தமிழ்!